அமைதியான கரையும் உயிருள்ள பாறையும்

கரிபியன் கடலிலே சென் ஜோன் என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். அங்கு விமான நிலையம் இல்லை. அயலிலுள்ள சென் தோமஸ் தீவிலிருந்து படகிலேயே செல்லல் வேண்டும். வெண்மணற் குடாக்களையும், அவற்றின் பின்னே மலைச்சரிவில் அடர்ந்த காட்டையும் நாடி விடுமுறைக் காலத்திற் பலர் அங்கு செல்கின்றனர்.

அக்கரைகளின் அமைதி தானாக நிலைத்ததன்று. டென்மார்க்கின் ஆட்சியில், ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் இத்தீவின் காடுகள் வெட்டப்பட்டுக் கரும்புத் தோட்டங்களாயின. 1848 இல் அடிமைமுறை ஒழிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட, காடு மீண்டது. 1917 இல் ஐக்கிய அமெரிக்கா இதனை விலைக்கு வாங்கியது. லோறன்ஸ் றொக்பெல்லர் என்னும் செல்வர் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வழங்க, 1956 இல் வேர்ஜின் தீவுகள் தேசியப் பூங்கா தோன்றியது. 1962 இல் கடலடி நிலம் 5,650 ஏக்கரும் அதனுடன் சேர்க்கப்பட்டது. இன்று தீவின் பாதிக்கு மேற்பட்ட நிலம் பூங்காவே.

அக்கடலடியைக் காணப் பெரும் பயிற்சி வேண்டியதில்லை. நீந்தும் பழக்கமும், முகத்திற்குக் கண்ணாடியும், வாயிற் கௌவும் மூச்சுக்குழாயும், காலுக்குத் துடுப்பும் போதும். ட்றங்க் குடாவிலே நீருள் வழியொன்று வகுத்து, விளக்கத் தகடுகளும் பதித்துள்ளனர். கூட்டத்தை விரும்பாதோர் தென்கிழக்கிலுள்ள சோல்ற் பொண்ட் குடாவுக்கு நடந்து செல்வர். மாஹோ குடாவிலே கடற்புல் மேயும் பச்சை ஆமைகளைக் காணலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நாம் பாறை என எண்ணும் முருகைக்கல், உண்மையில் நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. இளைப்பாறுவதற்காக ஒருவர் அதன்மேற் காலூன்றினால், பல்லாண்டு வளர்ச்சி நொடியில் முறியும். நிற்க விரும்புவோர் மணலிலே நிற்றல் வேண்டும். முருகைக்குத் தீங்கு செய்யும் சில இரசாயனங்கள் கலந்த வெயிற்காப்புப் பூச்சுகளை அங்குள்ள அரசு 2020 இல் தடைசெய்தது.

சட்டத்துக்கு அடங்காத பகையும் ஒன்றுண்டு, அது வெப்பம். கடல்நீர் வழக்கமான உச்சச் சூட்டிலும் ஒரு பாகை மிகுந்து சில வாரம் நீடிப்பின், முருகையுயிர் தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளித்தள்ளி வெளிறிவிடும். 2005 இல் அவ்வாறு வெளிறியதைத் தொடர்ந்து நோயும் பற்றியது. ஆய்வாளர் அளந்துவந்த இடங்களில் முருகையின் பாதிக்கு மேல் மடிந்தது.

கரையை விலை கொடுத்துக் காத்தனர். கடலின் குளிர்ச்சியை அவ்வாறு வாங்குதல் இயலாது. தத்தம் ஊரில் எரிக்கும் எரிபொருளும் அக்குடாவின் சூட்டிற் சேர்கின்றது என்பதை விடுமுறை முடிந்து திரும்புவோர் உணர்வாராயின், அப்பயணம் ஒரு கல்வியாகும்.