250 தட்டு, ஒரு உயிர்!

சிகரெட் தொழிற்சாலையில் ஒரு சாமான் உண்டு. அதற்குச் சக்கரம் கிடையாது. மின்சாரம் வேண்டாம். சத்தமும் போடாது. பார்த்தால் சாதாரணப் பெட்டி போல இருக்கும்.

ஆனால் அது மட்டும் இல்லாமல் போயிருந்தால், சிகரெட் எந்திரங்கள் ஓடத் தொடங்கிய அன்றே நின்று போயிருக்கும்!

அதன் பெயர் தட்டு. 'டிரே' என்றும் சொல்வார்கள்.

எந்திரத்திலிருந்து வந்து விழும் சிகரெட்டைச் சேர்த்து வைப்பது இந்தத் தட்டுதான். அதை அடைக்கும் இடத்துக்குக் கொண்டு போவதும் இதுதான். ஒரு தட்டில் சுமார் 4,000 சிகரெட் பிடிக்கும். பாக்கெட் கணக்கில் சொன்னால், 20 சிகரெட் கொண்ட 200 பாக்கெட்!

இந்த 4,000 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையே அதற்குள்தான் இருக்கிறது.

கையால் சுற்றிய காலம்

சிகரெட் முதலில் கையால்தான் செய்யப்பட்டது. பீடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் சிரமம் தெரியும். இலைக்குப் பதில் காகிதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கை தேர்ந்த தொழிலாளி ஒருவர் நிமிஷத்துக்கு 4 சிகரெட் சுற்றுவார். காலையிலிருந்து மாலை வரை சுற்றினாலும் 3,000-ஐத் தாண்டுவது கஷ்டம். அதாவது, ஒரு தட்டு நிறைய ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்பு போதாது!

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் பியூகானன் டியூக் என்பவர் புகையிலை வியாபாரம் செய்து வந்தார். 1881-ல் அவர் சிகரெட் தொழிலில் இறங்கினார். நியூயார்க்கிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வரவழைத்துச் சிகரெட் சுற்றச் சொன்னார். விற்பனை ஏறியது. ஆனால் கூலிச் செலவும் கூடவே ஏறியது.

வாலிபர் செய்த எந்திரம்

அதே சமயத்தில், விர்ஜீனியா மாநிலத்தில் ஒரு வாலிபர் ஓர் எந்திரத்துடன் மல்லாடிக் கொண்டிருந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் பான்சாக். வயது 21தான். அவருடைய தந்தை கம்பளி ஆலை நடத்தி வந்தார்.

பான்சாக்கின் எந்திரம் ஒவ்வொரு சிகரெட்டாகச் சுற்றவில்லை. நீளமான காகிதச் சுருள் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் புகையிலைத் தூள் விழும். காகிதம் குழாய் போல மடிந்து ஒட்டிக்கொள்ளும். முடிவில்லாத ஒரு நீளச் சிகரெட்! அதைக் கத்தி துண்டு துண்டாக வெட்டித் தள்ளும்.

1881-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1883-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த வில்ஸ் கம்பெனி, அந்த நாட்டுக்கான உரிமையை வாங்கியது. டியூக்கும் எந்திரத்தை வரவழைத்தார். ஆரம்பத்தில் அது அடிக்கடி நின்றது. மெக்கானிக்குகள் மாதக்கணக்கில் பாடுபட்டார்கள்.

1884 ஏப்ரல் 30. அன்று டர்ஹாமில் எந்திரம் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடியது. 10 மணி நேரத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் சிகரெட்! நிமிஷத்துக்கு 200 வீதம். 40 பேருக்கு மேல் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே எந்திரம் செய்துவிட்டது.

ஒரு தட்டு நிறைய 20 நிமிஷம் போதும் என்றாகிவிட்டது.

பிடிக்கும் பெண்கள்

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. சுற்றும் வேலை எந்திரத்துக்குப் போய்விட்டது. பெட்டியில் அடைக்கும் வேலை கையிலேயே இருந்தது. ஒரு பக்கம் மழை போலச் சிகரெட் கொட்டுகிறது. மறுபக்கம் விரல்களால் எண்ணி அடைக்கிறார்கள். நடுவில் சேரும் சிகரெட்டை எங்கே வைப்பது?

தட்டில் வைத்தார்கள்.

எந்திரங்கள் பெருகியதும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு புது வேலை உண்டாயிற்று. எந்திரத்தின் வாயருகே ஒருவர் நிற்பார். பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். அவருக்கு 'கேட்சர்' என்று பெயர். 'பிடிப்பவர்' என்று அர்த்தம். வெட்டுப்பட்டு வரும் சிகரெட்டுகளை அவர் இரண்டு கையாலும் அள்ளுவார். கண்ணோட்டம் விடுவார். காகிதம் கிழிந்ததையும், நுனி காலியானதையும் பொறுக்கி எறிவார். நல்லதை வரிசையாகத் தட்டில் அடுக்குவார். எந்திரம் அவருக்காகக் காத்திருக்காது. ஒரு தட்டு நிறையும்போதே அடுத்த தட்டு தயாராக இருக்க வேண்டும்.

கூடையில் கொட்டினால் என்ன?

'சும்மா ஒரு கூடையில் கொட்டி எடுத்துப் போகக் கூடாதா?' என்று கேட்கலாம். கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு.

சிகரெட்டின் நுனி திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது உதிரித் தூள். குலுக்கினால் நுனியிலிருந்து தூள் கொட்டிவிடும். காய்ந்த புகையிலையாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கொட்டும்.

காகிதமோ மிக மெல்லியது. அழுத்தினால் நசுங்கும். நசுங்கியது பாக்கெட்டில் நுழையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், திசை. கூடையில் கொட்டினால் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். குறுக்கே விழுந்த ஒரு சிகரெட் போதும், அடைக்கும் எந்திரமே நின்றுவிடும்.

ஃபில்டர் சிகரெட் வந்தபிறகு இந்தத் தொல்லை இன்னும் கூடியது. ஃபில்டர் சிகரெட்டை எந்திரம் ஜோடி ஜோடியாகத்தான் செய்கிறது. இரண்டு புகையிலைத் துண்டு. நடுவில் இரட்டை நீளத்தில் ஒரு ஃபில்டர். மூன்றையும் ஒட்டி, நடுவில் வெட்டினால் இரண்டு சிகரெட். ஆனால் இரண்டும் எதிரெதிராகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு வரிசையை மட்டும் எந்திரமே திருப்பி விடுகிறது. இவ்வளவு பாடுபட்டு உண்டான ஒழுங்கை, அடைக்கும் இடம் வரை காப்பாற்றுவது தட்டின் பொறுப்பு!

தட்டு எப்படி இருக்கும்?

அலமாரியில் ஒரு அறையைத் தனியாக எடுத்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு பலகை. பின்னால் ஒரு பலகை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை. மேலேயும் முன்னாலும் திறப்பு.

ஆழம் ஒரு சிகரெட்டின் நீளத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல். உள்ளே சிகரெட்டுகள் படுத்த நிலையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கான வட்டங்கள் தெரியும். தேன்கூட்டைப் பார்ப்பது போல இருக்கும். வெற்று நுனி உள்ள சிகரெட் ஒன்று இருந்தாலும் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

முன்பு மரத்தட்டு இருந்தது. பிறகு அலுமினியம் வந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் வந்தது. 4,000 சிகரெட்டின் எடை சுமார் 4 கிலோதான். ஆனால் நாள் முழுவதும் தூக்குகிறவருக்கு, தட்டின் எடையில் கால் கிலோ குறைந்தாலும் அது பெரிய காரியம்.

எடுத்துப் போகும் தள்ளுவண்டியில் தட்டுகள் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். முன்பக்கம் திறப்பு அல்லவா? நேராக நிறுத்தினால் ஒரு குலுக்கலில் சிகரெட் வெளியே சரிந்துவிடும்.

கவிழ்க்கும் வித்தை

நிறைந்த தட்டு அடைக்கும் எந்திரத்துக்கு வருகிறது. அதன் தலையில் ஒரு தொட்டி இருக்கிறது. தட்டில் உள்ள 4,000 சிகரெட்டும் வரிசை கலையாமல் அந்தத் தொட்டிக்குள் இறங்க வேண்டும். எப்படி?

தட்டின் மேல்வாயை ஒரு தகடு மூடுகிறது. தட்டு தலைகீழாகத் திரும்புகிறது. தொட்டியின் மேல் வந்து உட்காருகிறது. பிறகு தகடு மட்டும் பக்கவாட்டில் நழுவுகிறது. சிகரெட் கூட்டம் அப்படியே மெல்லக் கீழே இறங்குகிறது. இட்லித் தட்டைக் கவிழ்க்கும்போது எவ்வளவு பக்குவம் வேண்டுமோ, அதைவிடப் பலமடங்கு பக்குவம் இதற்கு வேண்டும். முன்பு இதைக் கையால் செய்தார்கள். பின்னால் இதற்கும் எந்திரம் வந்தது.

தொட்டியின் அடியில் சிகரெட்டுகள் 7, 6, 7 என்று மூன்று வரிசையாகப் பிரிகின்றன. மொத்தம் 20. ஒரு பாக்கெட் தயார்!

கண்மாய் போல...

தட்டின் வேலை சுமப்பதோடு முடியவில்லை.

செய்யும் எந்திரமும் அடைக்கும் எந்திரமும் ஒரே வேகத்தில் ஓடுவது கிடையாது. ஒன்றில் காகிதம் அறும். இன்னொன்றில் பசை அடைக்கும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்க வேண்டுமா? வேண்டாம். நடுவில் தட்டுகள் இருக்கின்றன. அடைக்கும் எந்திரம் நின்றால், தட்டுகள் நிறைந்துகொண்டே போகும். செய்யும் எந்திரம் நின்றால், சேர்த்து வைத்த தட்டுகள் காலியாகும். மழை பெய்யும்போது நிறைந்து, வெயிலில் வயலுக்குக் கொடுக்கும் கண்மாய் போல!

ஃபில்டர் செய்யும் இடத்திலும் தட்டு உண்டு. ஃபில்டர் குச்சியாக உருட்டப்படும் முன், அதன் நாரின் மேல் ஒரு ரசாயனத் திரவம் தெளிக்கப்படுகிறது. குச்சி இறுகிக் கெட்டியாகச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை குச்சிகள் தட்டில் ஓய்வெடுக்கும். பிறகு பல தொழிற்சாலைகளில் அவற்றைக் குழாய்க்குள் விட்டுக் காற்றினால் ஊதியே அடுத்த எந்திரத்துக்கு அனுப்புகிறார்கள்.

1970-களில் தட்டுக்குப் போட்டி வந்தது. சிகரெட்டுகளைப் பல அடுக்காகப் பெல்ட்டின் மேல் ஆறு போல ஓடவிட்டார்கள். செய்யும் எந்திரத்திலிருந்து அடைக்கும் எந்திரம் வரை ஒரே ஓட்டம். நடுவில் சேர்த்து வைக்கவும் வளைந்து வளைந்து போகும் பெல்ட்டுகள். சிகரெட்டை அள்ளும் கைகள் தேவையில்லாமல் போயின.

இருந்தாலும் தட்டு அடியோடு மறையவில்லை. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் சரக்குப் போக வேண்டுமா? ஓர் எந்திரம் பழுதாகிவிட்டதா? அப்போதெல்லாம் தட்டுதான் துணை. சில தொழிற்சாலைகளில் ஆள் இல்லாமல் தானாக ஓடும் வண்டிகளே தட்டுகளைச் சுமந்து போகின்றன.

பான்சாக்கின் எந்திரம் நிமிஷத்துக்கு 200 சிகரெட் செய்தது. இன்றைய அதிவேக எந்திரம் நிமிஷத்துக்கு 20,000 செய்கிறது! ஒரு தட்டு நிறைய 12 விநாடி போதும். ஒரு ஆளின் ஒரு நாள் உழைப்பை விஞ்சிய வேலை, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

தட்டுக் கணக்கு

இவ்வளவு சிகரெட்டும் எங்கே போகிறது? மனிதர்களின் நெஞ்சுக்குள்தான்.

கையால் சுற்றிய காலத்தில் சிகரெட் குறைவு; விலை அதிகம். எந்திரம் வந்தபிறகு விலை சரிந்தது. செய்ததை விற்றாக வேண்டும் என்று விளம்பரம் பெருகியது. புகைப்பவர் தொகை பெருகியது. முன்பு அபூர்வமாக இருந்த நுரையீரல் புற்றுநோயும் பெருகியது.

1950-ல் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்ற இரண்டு ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள், புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை அதை உறுதி செய்தது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துச் சரித்திரப் பேராசிரியர் ராபர்ட் பிராக்டர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். சுமார் 10 லட்சம் சிகரெட் புகைக்கப்பட்டால் ஒரு உயிர் போகிறது என்பதே அந்தக் கணக்கு.

10 லட்சம் சிகரெட் என்றால் எவ்வளவு? 250 தட்டு! அதிவேக எந்திரத்துக்கு 50 நிமிஷ வேலை!

சாவு உடனே வருவதில்லை. இன்று தட்டில் அடுக்கப்படும் சிகரெட்டுக்கு உரிய கணக்கு, 20, 30 ஆண்டு கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் தெரியும். அதனால்தான் பலருக்குப் பயம் வருவதில்லை.

உங்கள் வீட்டில் எத்தனை தட்டு?

தினம் 20 சிகரெட் பிடிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 200 நாளில் அவர் ஒரு தட்டைக் காலி செய்கிறார். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 தட்டு. 20 வயதில் தொடங்கியவர், 60 வயதில் 73-வது தட்டை முடிக்கிறார்.

எந்தத் தட்டோடு நிறுத்தினால் நல்லது? இதற்கும் விடை இருக்கிறது. டால் தம் சக ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து பிரிட்டிஷ் டாக்டர்களை 50 ஆண்டு தொடர்ந்து கவனித்தார். 2004-ல் முடிவை வெளியிட்டார். விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் நிறுத்தியவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிச்சமாயிற்று. 50 வயதில் நிறுத்தினால் 6 ஆண்டு. 40-ல் நிறுத்தினால் 9 ஆண்டு. 30-ல் நிறுத்தினால் இழக்கவிருந்த 10 ஆண்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது!

தொழிற்சாலையில் தட்டு 12 விநாடியில் நிறைந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வீட்டால் முடியாது. ஆனால் அடுத்த தட்டைக் காலி செய்வதா, வேண்டாமா என்பது புகைப்பவர் கையில் இருக்கிறது. 50 வயதானாலும் சரி, 60 வயதானாலும் சரி, நிறுத்தியவருக்கு லாபம் உண்டு. வீட்டில் யாராவது புகைத்தால், இந்தத் தட்டுக் கணக்கை அவரிடம் ஒருமுறை சொல்லுங்கள்!