இன்னும் எத்தனை முறை முடியும்?

நடவுக் காலத்தில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நாள் முழுதும் குனிந்து நாற்று நடுவார்கள். வீடு திரும்பியதும் தண்ணீர்க் குடம் சுமப்பார்கள். "இவர்களுக்குப் பளுப் பயிற்சி வேறு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை எலும்புக்குள் இருக்கிறது.

எலும்பு கல்லைப்போல் உயிரற்ற பொருளன்று. சிலவகைச் செல்கள் அதை ஓயாமல் அரிக்கின்றன. வேறு சில செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அரிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைவதால் அரிப்பு மிஞ்சுகிறது. வயதோடு தசையும் மெலிகிறது. இளமையில் கால் வழுக்கினால் சிராய்ப்போடு போகும். முதுமையில் அது இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். வீட்டையே தாங்கி நின்றவர் பிறர் துணையின்றி நடக்க இயலாதவராகலாம்.

பளுவுக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் விளக்கினார். ஆனால் நாள்தோறும் சுமக்கும் குடத்தின் எடை மாறுவதில்லை; உடல் அதற்குப் பழகிவிடுகிறது. மேலும் வலுப்பெற வேண்டுமானால் சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியாயிற்று. எல்லோரும் மாதவிடாய் நின்றவர்கள். ஒரு பிரிவினர் மேற்பார்வையில் வாரம் இருமுறை, எட்டு மாதம், கனமான பளுவைத் தூக்கினர். அவர்களது கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்கோ 1.2 விழுக்காடு குறைந்தது.

சரி, ஒருவருக்கு எவ்வளவு சுமை போதும் என்று எப்படி அறிவது? நாடித் துடிப்பை எண்ணலாமே என்று தோன்றும். ஓட்டத்துக்கு அது பொருந்தும். பளு தூக்குவதோ அரை நிமிட வேலை. துடிப்பு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இரத்த அழுத்த மருந்துகள் சில துடிப்பையே மட்டுப்படுத்தவும் செய்யும்.

ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் போர்க் எளிய வழி ஒன்று கண்டார்: முயற்சி எவ்வளவு என்று முயல்பவரையே கேட்பது! அவர் முதலில் அமைத்த அளவுகோல் 6 முதல் 20 வரை ஓடியது. பின்னர் பத்தை அடிப்படையாகக் கொண்ட ஒன்றையும் அமைத்தார். பளுப் பயிற்சியில் இன்று அதை இப்படிப் பயன்படுத்துகிறார்கள்: "இன்னும் எத்தனை முறை முடியும்?" என்று கேட்டு, வரும் விடையைப் பத்திலிருந்து கழிப்பது.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் அம்மா அரிசிப் பையை மார்போடு அணைத்தபடி நாற்காலியில் பத்துமுறை உட்கார்ந்து எழுகிறார். "இன்னும் ஐந்து முறை முடியும்" என்றால் முயற்சி 5. தொடக்க வாரங்களுக்கு அது போதும். பழகியபின் 7 அல்லது 8, அதாவது இரண்டு மூன்று முறை மிச்சமிருக்கும் நிலை ஏற்றது. சில வாரங்களில் அதே பை 5-க்கு இறங்கிவிட்டால் எடையைக் கூட்டும் வேளை வந்துவிட்டது என்று பொருள். புதியவர்களின் கணிப்பு தொடக்கத்தில் தவறும். பழகப் பழகத் திருந்தும்.

மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும்; ஆதலால் எழும்போது மூச்சை வெளிவிட வேண்டும். மார்பு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோயோ எலும்பு முறிவோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துச் சுமை தூக்கலாகாது.

வயலில் வேலைதான் பெண்ணின் முயற்சியை முடிவு செய்கிறது. நட்டு முடியும்வரை நிமிர முடியாது. பயிற்சியில் முடிவு அவள் கையில். இன்று மாலை உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன்!