மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

அண்மையில் என் கடைக்கு வந்த இளைஞர் ஒருவர் தண்ணீர்ப் பம் ஒன்றைக் காட்டி, "நானா, இது எந்த நாட்டுச் சாமான்?" என்று கேட்டார். எஞ்சினின் மூல வடிவம் ஜப்பான், செய்தது சீனா, வந்தது இந்தியாவிலிருந்து. எதைச் சொல்வது?

ஒரு நாட்டின் தொழில் அறிவு இன்னொரு நாட்டுக்குள் எவ்வளவு நுழைகின்றது என்பதைப் பொருளியல் அறிஞர்கள் அளக்கிறார்கள். ஆக்கவுரிமைப் பத்திரங்களில் முன்னைய எந்தக் கண்டுபிடிப்புகள் மேற்கோளாகக் காட்டப்பட்டுள்ளன என்று எண்ணிப் பார்ப்பது ஒரு முறை. தூரத்தை வைத்துக் கணக்கிடுவது இன்னொன்று. சுமார் 1,200 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இந்தப் பயன் பாதியாகக் குறைகின்றது என 2002இல் வொல்ப்காங் கெல்லர் பணக்கார நாடுகளை ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 400 கிலோமீட்டர்கூட இல்லை!

நம்மவர்களுக்கு முக்கியமானது மூன்றாவது முறை. கோ, ஹெல்ப்மன் என்ற இருவர் 1995இல் 22 நாடுகளின் இறக்குமதியைப் பார்த்தனர். வர்த்தகப் பங்காளி நாடுகள் ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம், சரக்கு வழியாக வாங்கும் நாட்டின் உற்பத்தித் திறனையும் உயர்த்துகின்றது. சிறிய நாடுகளுக்கு அது கூடுதல் பயன் என்றனர். அதாவது, இறக்குமதி செய்யும் வியாபாரி அறிவையும் சேர்த்தே இறக்குகிறார்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. 1990 ஒக்டோபரில் நாம் இங்கிருந்து வெளியேற்றப்பட்டோம். அதன்பின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டார்கள் என்று திரும்பி வந்தபோது மெக்கானிக்மார் சொன்னார்கள். ஜப்பான் எஞ்சினுக்கு யாழ்ப்பாணம் கொடுத்த பதில் அது. எந்த ஆக்கவுரிமைப் பத்திரத்திலும் அது இல்லை. ஆகவே எந்த அட்டவணையிலும் இல்லை.

நாம் இழந்ததும் அப்படித்தான். கடையும் சரக்கும் போனதைக் கணக்கிட்டோம். சோனகதெருப் பக்கத்தில் இரும்பு வேலை, வாகனத் திருத்தம் பழகிய பிள்ளைகள் புத்தளம் முகாம்களுக்குச் சிதறியதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இன்று ஊர் திரும்பியவர்களில் கடை வைக்கப் பலர் இருக்கிறார்கள். கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் சிலரே.

அந்த இளைஞருக்கு நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. பம்மைக் கழற்றி உள்ளே காட்டினேன். அன்று அவர் வாங்கவில்லை. மறுநாள் வந்தார், கையில் பழுதான தன் பழைய பம்மோடு.