தலையில் கிப்சன், கழுத்தில் கத்தி! கிட்டார் வாங்குவோரே, உஷார்!

2024 கடைசியில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் – லாங் பீச் துறைமுகத்தில் சில கன்டெய்னர்கள் சிக்கின. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. உள்ளே 3,000க்கும் மேற்பட்ட எலெக்ட்ரிக் கிட்டார்கள். தலையில் கிப்சன் என்ற பெயர். ஆனால் அவற்றை கிப்சன் கம்பெனி செய்யவில்லை! அசலாக இருந்திருந்தால் 1.8 கோடி டாலருக்கு மேல் போகும் என்று சுங்கத் துறை கணக்குச் சொன்னது. பிடிபட்டதே இவ்வளவு என்றால், பிடிபடாமல் கரையேறியது எவ்வளவோ!

இதை அமெரிக்கக்காரன் கவலை என்று விட்டுவிட முடியாது. “மாமா ஸ்டேட்ஸ்லேர்ந்து கொண்டுவந்தது, அவசரமா பணம் வேணும், 35 ஆயிரத்துக்குத் தள்ளிடலாம்” என்ற வரியோடு கிப்சனின் லெஸ் பால் கிட்டார் ஒன்று உங்கள் போன் திரையில் வந்து நின்றால், உடனே கூகுள் பே-யைத் திறக்காதீர்கள். புது கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு அமெரிக்கக் கடையிலேயே 2,500 டாலருக்கு மேல். மாமா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தக் கணக்கு இடிக்கிறது.

‘ஃபெண்டர் நல்லதா, கிப்சன் நல்லதா, ஐபனீஸ் எப்படி, பிஆர்எஸ் எப்படி?’ என்று கேட்காத கிட்டார் மாணவர் இல்லை. அந்தக் கேள்விதான் போலிக்காரனுக்குச் சோறு போடுகிறது. தலையில் உள்ள பெயரே தரம், தலையில் உள்ள பெயரே ஓசை என்று நாம் நம்பும்வரை, அவன் செய்ய வேண்டியது அந்தப் பெயரை ஒட்டுவது மட்டும்தான்.

போலி லெஸ் பாலை எப்படிப் பிடிப்பது? முதலில், ஹெட்ஸ்டாக் என்னும் தலைப்பகுதியில், கம்பிகள் நெக்கில் ஏறும் இடத்தில் உள்ள நட்டுக்குச் சற்று மேலே, மணி வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடின் முனையை மூடுவதற்காக. அசல் லெஸ் பாலில் அதற்கு இரண்டு ஸ்க்ரூ. போலிகளில் மூன்று இருப்பது சகஜம். மூடியைக் கழற்றினால் அசலில் பித்தளை ஹெக்ஸ் நட் தெரியும். போலியில் ஆலன் கீ நுழையும் ஓட்டை. விலை குறைந்த ஆசியக் கிட்டார்களில் அந்த ஓட்டைதான் வழக்கம். பெரும்பாலான அசல் லெஸ் பால்களில் நெக்கும் ஹெட்ஸ்டாக்கும் ஒரே மகோகனித் துண்டு. காதுப் பக்கங்களில் மட்டும் சின்னத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். நெக்கின் பின்பக்கம், ட்யூனர்களுக்குக் கீழே குறுக்காக ஒரு ஒட்டுக் கோடு தெரிந்தால், நிறம் அங்கே சற்று மாறினால், நிறுத்துங்கள். பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு தூண்களும் தடிமனாக, தலையில் ஸ்க்ரூடிரைவர் வெட்டோடு இருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

சீரியல் நம்பரைச் சரிபார்த்துவிட்டேன் என்று பெருமைப்படாதீர்கள். அசல் கிட்டார் ஒன்றின் நம்பரைப் பார்த்து எத்தனை போலியில் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். நம்பர் தப்பாக இருந்தால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சரியாக இருந்தால் அதனால் எதுவும் நிச்சயமாகிவிடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பின்னால் உள்ள மூடியைத் திறந்து, உள்ளே சர்க்யூட் போர்டு இருப்பதைப் பார்த்ததும் “ஐயோ, சைனா மால்!” என்று அலறுகிறவர்கள் உண்டு. 2008 வாக்கிலிருந்து பல அசல் கிப்சன்களிலேயே போர்டு வந்திருக்கிறது. அரைகுறை அடையாளம் வைத்துக்கொண்டு அசலைத் தள்ளிவிட்டுப் போலியை வாங்கி வந்தால் அதைவிடப் பரிதாபம் என்ன?

2024இல் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்தது. கிப்சனின் தங்கை பிராண்ட் எபிஃபோன். 1957இல் கிப்சன் அதை வாங்கிக்கொண்டது. இப்போது பெரும்பாலும் சீனாவில் செய்கிறார்கள். இத்தனை காலம் எபிஃபோனின் தலை வடிவம் வேறு, கிப்சனின் தலை வடிவம் வேறு. திறந்த புத்தகத்தின் மேல்விளிம்பு போன்ற கிப்சனின் அந்தத் தலையை, எபிஃபோனின் உயர்ரக வரிசை ஒன்றுக்கு 2024இல் கம்பெனியே கொடுத்துவிட்டது. நல்ல கிட்டார்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயரை ஒட்ட நினைப்பவனுக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது!

ஃபெண்டர் பக்கம் மோசடி வேறு மாதிரி. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக்கை நாலு ஸ்க்ரூவில் கழற்றி மாட்டலாம். கம்பெனியின் நிறுவனர் லியோ ஃபெண்டர் அப்படித்தான் அதை வடிவமைத்தார், பழுதுபார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அதே சுலபம் இப்போது ஏமாற்றுக்கும் உதவுகிறது. ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரின் நெக்கில் ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்தால் முடிந்தது. அல்லது அமெரிக்க நெக்கையும் எங்கோ செய்த பாடியையும் சேர்த்து ‘ஒரிஜினல்’ என்பார்கள். சீரியல் ‘ஐசிஎஸ்’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது இந்தோனேசியாவில் கோர்ட் தொழிற்சாலை செய்த ஸ்குவையர். தலையில் எவ்வளவு பளபளப்பாக ‘ஃபெண்டர்’ என்று எழுதியிருந்தாலும் சரி. பாடியின் தடிமனையும் அளந்து பாருங்கள். வழக்கமான ஸ்ட்ராட் சுமார் 45 மில்லிமீட்டர்; ஸ்குவையரின் மலிவு வரிசைகள் சிலவற்றில் அதைவிட மெலிசு.

சரி, போலி இல்லை, அசல்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது பெயரை நம்பலாமா? அதிலும் உஷார்! ஃபெண்டர் என்ற ஒரே பெயரோடு கலிஃபோர்னியாவின் கொரோனாவில் செய்ததும் வருகிறது, மெக்சிகோவின் என்செனாடாவில் செய்ததும் வருகிறது, ஜப்பானில் செய்ததும் வருகிறது. 2025இலிருந்து இந்தோனேசியாவில் செய்ததும் வருகிறது. விலை ஏணியில் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிஆர்எஸ்ஸும் அப்படித்தான்: மேரிலாந்தில் செய்யும் கோர் வரிசை ஒரு ரகம், இந்தோனேசியாவில் கோர்ட் செய்துகொடுக்கும் எஸ்இ வரிசை வேறு ரகம். ஐபனீஸில் ஜப்பானிய ப்ரெஸ்டீஜும் மலிவான கியோவும் பெயரில் மட்டும்தான் சொந்தம். ஆகவே “நான் ஐபனீஸ் வாசித்திருக்கிறேன், நல்லா இருக்காது” என்று யாராவது சொன்னால், “எந்த வரிசை, எந்த நாட்டில் செய்தது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கருத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கைக்கு எப்படி இருக்கும் என்பதைப் பெயரைவிட அளவுகள்தான் தீர்மானிக்கின்றன. ஃபெண்டரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம். கிப்சனில் 24.75. நடுவே 25இல் நிற்கிறது பிஆர்எஸ். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் ஃபெண்டரில் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடுதல். கம்பியை வளைத்து கமகம் போடுகிற விரலுக்கு இது நன்றாகவே தெரியும். ஃப்ரெட்போர்டின் வளைவும் அப்படித்தான். பழைய பாணி ஃபெண்டரில் 7.25 அங்குல ஆரம் என்பதால் கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் கம்பி உயரம் குறைவாக இருந்தால், மேல் ஃப்ரெட்டுகளில் வளைக்கும்போது சத்தம் செத்துப்போகலாம். கிப்சனில் 12, ஐபனீஸ் ஆர்ஜியில் அதைவிடத் தட்டை. உங்கள் கை எதைக் கேட்கிறது என்பதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓசையில் நடக்கும் ஏமாற்று இன்னும் நுணுக்கமானது. கடையில் ஸ்ட்ராட்டைச் செருகியதும் ஆம்ப் ‘உம்ம்’ என்று முனகுகிறது. பக்கத்தில் லெஸ் பால் அமைதியாக இருக்கிறது. “பார்த்தீங்களா, குவாலிட்டி!” என்கிறார் விற்பவர். குவாலிட்டி இல்லை, பிக்கப்! ஸ்ட்ராட்டில் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். பழைய ட்யூப்லைட் சோக் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதை அடக்கத்தான் கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் 1950களில் இரண்டு காயில்களை எதிரெதிராக வைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். அதன் விலையாக, சிங்கிள் காயிலின் கண்ணாடி போன்ற கூர்மை கொஞ்சம் மழுங்கும். இரண்டு கிட்டாருக்கும் வேலையே வேறு.

வீடியோக்களில் வரும் ‘வெர்சஸ்’ போட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்றில் புதுக் கம்பி, இன்னொன்றில் பழையது. ஒன்றுக்கு ஆக்‌ஷன் (கம்பி உயரம்) சரி பண்ணியிருக்கும், இன்னொன்று டப்பாவிலிருந்து எடுத்தபடியே. ஆம்ப், மைக், எடிட்டிங் எல்லாவற்றையும் தாண்டி உங்கள் போன் ஸ்பீக்கருக்கு வந்து சேரும் சத்தத்தில் மரத்தின் குணத்தைக் கண்டுபிடித்தேன் என்பவரைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். கீழே உள்ள லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன் உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது.

செகண்ட் ஹேண்டில் அசல் கிப்சனே கிடைத்தாலும் ஒரு கண்டம் இருக்கிறது. அதன் ஹெட்ஸ்டாக் பின்னோக்கி 17 டிகிரி சாய்ந்தது. ட்ரஸ் ராட் நட்டுக்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்திருப்பார்கள். மரம் மிகப் பலவீனமாக இருப்பது அங்கேதான். ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து விழுந்தால், பையோடு விழுந்தாலும்கூட, முறியலாம். உலகம் முழுக்க லெஸ் பால்களுக்கு வரும் பிரசித்தமான காயம் இது. நன்றாக ஒட்டினால் வாசிக்கலாம், தப்பில்லை. ஆனால் விலை பெருமளவு இறங்க வேண்டும். ஒட்டியதை மறைத்து முழு விலை கேட்பவர்தான் ஆபத்து. போனின் டார்ச்சை ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழைக் கோடு தெரிந்தால் மற்ற பேச்சை நிறுத்தி விலையைப் பேசுங்கள்.

“லாசூட் கிட்டார் சார், அதனால்தான் விலை” என்று பழைய ஜப்பான் கிட்டாரை நீட்டுவார்கள். ஏதோ நீதிமன்றமே அதன் தரத்துக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி! நடந்தது இவ்வளவுதான்: கிப்சனின் அப்போதைய முதலாளியான நார்லின் கம்பெனி, ஐபனீஸின் அமெரிக்கக் கிளை மீது 1977இல் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. விஷயம் தலை வடிவம் மட்டுமே. அடுத்த வருஷம் வெளியிலேயே சமரசம் ஆகிவிட்டது. அந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத நூறு பிராண்டுகளுக்கு இன்று அந்தப் பட்டத்தைச் சூட்டி விற்கிறார்கள். ‘எழுபதுகளின் ஃபெண்டர்’ என்பதும் அப்படியே. 1965இல் சிபிஎஸ் கம்பெனிக்குக் கைமாறிய பிறகு வந்த பல கிட்டார்களைப் பற்றி, வாசித்தவர்களே முகம் சுளித்தார்கள். பழசு என்பதால் மட்டும் பொன்னாகிவிடாது.

தெரிந்தே போலியை வாங்கி, கொஞ்ச நாள் வாசித்துவிட்டு விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: போலி வணிகக்குறி இட்ட பொருளை விற்பது நம் 1999 வணிகக்குறிகள் சட்டத்தின் 104வது பிரிவில் குற்றம். 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்திலேயே மாட்டலாம். பணமும் போய், கிட்டாரும் போய்விடும்.

என் அபிப்பிராயம் கேட்டால், கையில் 50 ஆயிரம் இருப்பவருக்கு கிப்சன் கனவே வேண்டாம். சொந்தப் பெயரோடு வரும் ஒரு எபிஃபோனோ, யமஹா பசிபிகாவோ, ஸ்குவையர் கிளாசிக் வைபோ எடுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் ட்ரஸ் ராட், கம்பி உயரம், நட் வெட்டு, இன்டோனேஷன் எல்லாம் சரிபார்த்து செட்டப் பண்ணிக்கொள்ளுங்கள். செட்டப் ஆன ஸ்குவையர், செட்டப் ஆகாத ஃபெண்டரைவிடக் கைக்கு இதமாக இருக்கும்.

பழசு வாங்கப் போகிறவர்கள் நேரில் போங்கள், பகலில் போங்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். போவதற்கு முன்பே ட்ரஸ் ராட் மூடியைக் கழற்றி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். “அதெல்லாம் திறக்க முடியாது, அட்வான்ஸ் போடுங்க, இன்னொருத்தர் கேட்டுக்கிட்டிருக்கார்” என்று பதில் வந்தால், அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.