காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

மழை விட்டதும் வார்டு நிரம்பிவிடுகிறது. வருகிறவர்களில் பலர் காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வருகிறார்கள். "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், வயிறுதான் வலிக்குது." இதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஊருக்கு ஒரு வைத்தியம்

வியட்நாமில் காய்ச்சல் வந்தால் கெட்ட காற்று புகுந்துவிட்டது என்று தைலம் தடவி, நாணய விளிம்பால் முதுகைச் சுரண்டுவார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகளின் முதுகில் அந்தச் சிவந்த கோடுகளைப் பார்த்து, பெற்றோர் அடித்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்ட மருத்துவர்கள் உண்டு. ஜெர்மனியில் கெண்டைக்காலில் ஈரத்துணி சுற்றுகிறார்கள். நமக்குக் கஞ்சி, மிளகு ரசம், சுக்குக் கஷாயம். எதையும் நான் கேலி செய்வதில்லை. கஷாயம் குடித்துக்கொண்டே நான்கு நாள் கடத்துகிறார்களே, அங்கேதான் ஆத்திரம் வருகிறது.

ஆத்தா கோபிக்க மாட்டாள்

சின்னம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாள் உள்ளே போகமாட்டார், நோயாளியும் தெருவுக்கு வரமாட்டார். தொற்றைத் தடுக்க அருமையான ஏற்பாடு. 'மாத்திரை கொடுத்தால் மாரியாத்தா கோபிப்பாள்' என்பதுதான் வில்லங்கம். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூன்று தண்ணீர் ஊற்றும் சடங்கை முடித்துவிட்டு மூச்சுத்திணறலோடு வந்தால் நான் என்ன செய்ய? பெரியம்மை தடுப்பூசியால் ஒழிந்துவிட்டது என்று 1980-ல் உலகமே அறிவித்தது. ஊசி போட்ட ஊர்களில் மாரியம்மன் திருவிழா நின்றா போயிற்று?

காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். கம்பளியைப் போர்த்தி வியர்க்க வைப்பதும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம்.

வெள்ளைக் கவர் மாத்திரை

மெடிக்கலில் 'காய்ச்சலுக்கு ஒரு செட்டு' என்று கேட்டால் வெள்ளைக் கவரில் பெயரில்லாத நாலு மாத்திரை வரும். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்தால் காய்ச்சல் இறங்கும், நோய் உள்ளே அது பாட்டுக்கு நடக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவுக்கு வழி செய்யும். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதும். 'ஊசி போட்டாத்தான் கேக்கும்' என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள்!

சூடு இறங்கும் நாள்

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் தொடங்குகிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் எது இருந்தாலும் நடுராத்திரியானாலும் கிளம்பி வாருங்கள். பப்பாளி இலைச் சாற்றைக் குடித்துக் குடித்து வாந்தியெடுத்து, இருக்கிற நீரையும் இழந்து வராதீர்கள்.

டெங்குவுக்கான ரத்தப் பரிசோதனை: முதல் ஐந்து நாளில் என்எஸ்1, பிறகு ஐஜிஎம், கூடவே ரத்த அணுக்களின் எண்ணிக்கை.

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலாக இருந்தால் டாக்சிசைக்ளின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

டெங்குக் கொசு வளராமலிருக்க, ஃபிரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். மாடியில் கிடக்கும் டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் அப்புறப்படுத்துங்கள். தொட்டித் தண்ணீரை வெறுமனே கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய கொசு முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். வாரம் ஒருமுறை நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.