உங்களுக்குத் தெரியுமா? - கார்டைத் தேய்த்தால்தான் காசு!

★ விருப்பமான நேரத்தில் வேலைக்கு வரும் 'ஃப்ளெக்ஸி டைம்', கொரோனாவுக்கு ரொம்ப முந்தியது. 1967-லேயே மேற்கு ஜெர்மனியில், மியூனிக் நகருக்கு அருகே ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம் அதை அமல்படுத்திவிட்டது. தாராள மனசெல்லாம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்ததால் சாலையும் வாசலும் திணறின!

★ 'டெலிகம்யூட்டிங்' என்று 1973-ல் பெயர் வைத்தவர், அமெரிக்க விண்வெளித் திட்டங்களில் வேலை பார்த்த ஜாக் நில்ஸ். அவர் முதலில் யோசித்தது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளை அலுவலகம். தாம்பரத்துக்காரர் தாம்பரத்திலேயே கார்டு தேய்க்கலாம் என்பது மாதிரி. அரை நூற்றாண்டு ஆகியும் அந்த யோசனையைப் பெரிதாக யாரும் சீந்தவில்லை.

★ பி.பி.ஓ. ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்க, ஒரு காலத்தில் நம் தொலைத்தொடர்புத் துறையிடம் நிறுவனம் 1 கோடி ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டித் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பரில் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

★ சென்னை ஓ.எம்.ஆரில் பல ஐ.டி. வளாகங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். சுங்கக் கணக்கில் இவை இந்தியாவுக்கு வெளியே இருப்பதாகவே சட்டம் பார்க்கிறது. அங்குள்ளவர்கள் வீட்டில் வேலை பார்க்கலாம் என்று '43ஏ' விதி வந்தது 2022 ஜூலையில்தான். ஆக, "வீட்டுக்கு லேப்டாப் கொண்டுபோகக் கூடாது" என்பதெல்லாம் மேனேஜரின் பிடிவாதம் மட்டும் கிடையாது. வரிச்சலுகையும் பின்னால் நிற்கிறது.

★ சீனப் பயண நிறுவனமான சீட்ரிப், தன் ஷாங்காய் கால் சென்டரில் 2010 டிசம்பரில் ஒரு பரிசோதனை தொடங்கியது. விருப்பம் தெரிவித்தவர்களில், இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் வீடு, மற்றவர்களுக்கு அலுவலகம். ஒன்பது மாதம் கவனித்தார் ஸ்டான்ஃபோர்ட் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம். வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் பாதியானார்கள். ஆனால், "இனி உங்கள் இஷ்டம்" என்றதும், வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை. போதாக்குறைக்கு, அதே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைந்தது. கண்ணில் படாதவரை யார் நினைப்பார்கள்?

★ அதே நிறுவனம் 2021-ல் மறுபடி பரிசோதனையில் இறங்கியது. இந்த முறை 1,612 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்குப் புதன், வெள்ளி மட்டும் வீடு. வேலை குறையவில்லை, பதவி உயர்வும் பாதிக்கவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடம் பாதிக்கு மேல்! "வேலை கெடும்" என்று முதலில் கணித்த மேனேஜர்களே முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். இந்த ஆய்வு 2024-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. நம் ஊர் மேனேஜர்கள் படித்தால் தேவலை.

★ வீடியோ மீட்டிங்கால் வளர்ந்த ஜூம், 2023 ஆகஸ்டில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் வசித்த தன் ஊழியர்களையே வாரம் இரண்டு நாள் அலுவலகத்துக்கு அழைத்தது.

★ 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020-ல் அறிவித்தது டி.சி.எஸ். ஆனால், 2023 அக்டோபர் முதல் வாரம் ஐந்து நாள் வரச் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு, வருகைப்பதிவு 60 சதவீதத்துக்குக் கீழே போனால் வேரியபிள் பே கிடையாது, 85-ஐத் தாண்டினால்தான் முழுசு என்று செய்தி வெளியானது.

★ அமெரிக்காவில் 'காபி பேட்ஜிங்' பிரபலம். கார்டைத் தேய்த்து, காபி குடித்து, நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டுவது. நம் ஊர்க் கதை வேறு. ரேடியல் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து சோழிங்கநல்லூர் போய், இடம் தேடி உட்கார்ந்து, ஹெட்செட் மாட்டி, புனேயில் இருக்கும் டீம் லீடிடம் நாள் முழுக்க "ஆடிபிளா?" என்று கேட்பது. இதற்குப் பெயர் குழு உணர்வாம்!

★ புது வேலையில் சேரப்போகிறீர்களா? 'ஹைபிரிட்' என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வருகையை வாரக் கணக்கில் பார்க்கிறார்களா, மாதச் சராசரியா? லீவு எடுத்த நாளைக் கழிப்பார்களா? வேரியபிள் பேயோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்களா? மூன்றையும் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வையுங்கள்.