காலேஜுக்கே போகாம படிக்கிறீங்களா? உங்களுக்கும் லைப்ரரி இருக்கு!

பகல்ல வேலை, ராத்திரி படிப்பு. தொலைதூரக் கல்வியில் சேர்ந்த பலரின் நிலை இதுதான். அசைன்மென்ட் எழுத உட்கார்ந்தால், கையில் இருக்கும் பாடப் புத்தகம் மட்டும் போதாது. ரெகுலர் மாணவர்களுக்கு காலேஜ் லைப்ரரி இருக்கு. நமக்கு?

நமக்கும் இருக்கு. முதல்ல போனை எடுங்க. இக்னோவின் பாடப் புத்தகங்கள் 'இ-ஞான்கோஷ்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் வேறு பல்கலைக்கழகத்தில் படித்தாலும், அதே தலைப்பை அங்கே தேடிப் படிக்கலாம். ஐ.ஐ.டி காரக்பூர் உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகமும் கைகொடுக்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கு.

வீட்டில் டி.வி சத்தம், படிக்க இடமில்லையா? சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் படிக்கவே தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி, புத்தகங்களை வீட்டுக்கே எடுத்து வரலாம். வேலை நேரத்தை மட்டும் விசாரிச்சுட்டு கிளம்புங்க.

உங்கள் படிப்பு மையத்திலும் நூலக வசதி இருக்கான்னு கேளுங்க. கேட்காததாலேயே பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். பொது நூலகங்கள் அந்தப் பணத்தில் நடப்பவை. அதனால தயக்கமே வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சிலபஸ் தாளை எடுத்துட்டுப் போய் நூலகரிடம் காட்டுங்க. எந்த அலமாரியில் தேடணும்னு அவர் சொல்லுவார்!